நிற்கத் தெரிந்த ஊர்

பணி ஓய்வுக்குப் பிறகு வேனிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு ஊர் ஊராகப் போகப்போகிறோம் என்று சொன்னபோது, "எங்கே போவீங்க?" என்று யாரும் கேட்கவில்லை. "எங்கே நிறுத்துவீங்க?" என்றுதான் கேட்டார்கள். சம்பந்தி கேட்டார், பால்காரர் கேட்டார், கருவூலத்தில் பென்ஷன் கோப்பைப் பார்த்த அம்மாவும் கேட்டார். அடுத்த கேள்வி கழிப்பறையைப் பற்றியது. பெண்கள் அதைக் குரலைத் தணித்துக் கேட்டார்கள், ஆண்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். திருச்சியிலிருந்து கொல்கத்தா வரை வண்டி ஓட்டிப் போய் வந்தபின் சொல்கிறேன்: இரண்டும் ஒரே கேள்விதான். இந்த நாட்டில் ஓடுவதற்கு நாலு வழிச் சாலை இருக்கிறது, ஆறு வழிச் சாலை இருக்கிறது. கௌரவமாக நிற்பதற்குத்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது.

நான் அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவள். 58 வயதில் வீட்டுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். தமிழ்நாடு அரசு 2020இல் ஓய்வு வயதை 59 ஆக்கியது, 2021இல் 60 ஆக்கியது. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்த என் வீட்டுக்காரருக்கு அதனால் வண்டியின் வரைபடத்தை அடித்துத் திருத்திப் போட நிறையவே அவகாசம் கிடைத்தது.

அவர் முதலில் ஆசைப்பட்டது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர். அமெரிக்காவில் ஓய்வுபெற்றவர்களின் வாழ்க்கை என்றாலே படத்தில் வருவது அதுதான். 1930களில் வந்த ஏர்ஸ்ட்ரீமின் பளபளக்கும் அலுமினிய உடம்பை அங்கே இன்றும் விரும்பி வாங்குகிறார்கள். டிரெய்லரின் வசதியே அதைக் கழற்றி விடுவதில் இருக்கிறது. முகாமில் வீட்டை நிறுத்திவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வரலாம். கழற்றி விட ஒரு முகாம் இல்லாத நாட்டில் அதனால் என்ன லாபம்? சந்துக்குள் மாட்டிக்கொண்டால் பின்னால் எடுக்கவும் முடியாது. ஆகவே, வண்டியும் வீடும் ஒன்றாக இருக்கும் மோட்டார் கேரவன் என்று முடிவானது.

பழைய வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கி, கட்டிலைப் போட்டு ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரவிதி உண்டு. அதன்படி கட்டி, அந்த வகையிலேயே ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். பேருந்துக்குப் பாடி கட்டுவதில் பேர்போன கரூர் நமக்குப் பக்கத்திலேயே இருப்பது ஒரு கொடுப்பினை. பட்டறை மேஸ்திரி, "வயசானவங்க ஏறி இறங்கணும்ல" என்று சொல்லிப் படியை ஒரு சாண் தாழ்த்தி வைத்தார். வரைபடத்தில் யாருக்கும் தோன்றாத விஷயம் அது. உள்ளே கால் நீட்டிப் படுக்க இரண்டு கட்டில், நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஐந்து கிலோ சிலிண்டர், கூரையில் சோலார் தகடு, இழுத்தெடுத்துக் கொட்டும் பெட்டி வைத்த கழிப்பறை. திருச்சி வீட்டை வாடகைக்கு விட்டோம். பாத்திரங்களைத் தங்கை வீட்டுப் பரணில் ஏற்றினோம்.

சென்னையிலிருந்து கொல்கத்தாவின் வாசலான டான்குனி வரை தேசிய நெடுஞ்சாலை 16 போகிறது. 1,711 கிலோமீட்டர். நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வரம், பாலசோர் என்று கிழக்குக் கரையைப் பிடித்துக்கொண்டே ஏறுகிற சாலை. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல சாலை என்றால் சொல்ல ஒன்றுமில்லாமல்தான் இருக்கும். ஆனால் கரக்பூருக்கு முன்னால் ஒரு தாபாவில் டி.என். 28 லாரி ஒன்று நின்றிருந்தது. நாமக்கல் வண்டி. டிரைவர் எங்கள் எண்ணைப் பார்த்துவிட்டுத் தானே வந்தார்.

"ம்மா, ரோட்டோரமா ஒதுக்கிப் படுத்துறாதீங்க. பங்க்ல கேட்டுக்கிட்டு, கேமரா தெரியற மாதிரி நிறுத்துங்க. டீசலை அங்கயே போட்டீங்கன்னா தண்ணியும் புடிச்சுக்கலாம், ஒண்ணும் சொல்ல மாட்டான்."

கதவைத் திறந்து உள்ளே காட்டினோம். கட்டிலைத் தட்டிப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். "நாங்களும் இருவது வருசமா வண்டியிலதான் குடித்தனம். எங்களை யாரும் கேரவன்னு சொல்றதில்ல" என்று சிரித்தார். ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்த அவருடைய பலகைப் படுக்கையில் மடித்து வைத்த போர்வை, கொசுவத்தி, பழனி முருகன் படம், ஒரு சின்ன மண்ணெண்ணெய் அடுப்பு. எங்கள் வீட்டுக்காரர் ஒரு வருஷம் வரைந்து திருத்திய இடவசதியை அந்த மனிதர் வரைபடமே இல்லாமல் முடித்து வைத்திருந்தார்.

கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றைத் தாண்டும் முன் சாலையோரக் கடையில் பட்டாளி வாங்கினேன். குளிர்காலத்தில் ஈச்சமரத்துச் சாற்றைக் காய்ச்சி வட்டமாக வார்க்கும் வெல்லம் அது. தை பிறக்க இரண்டொரு நாள்தான் இருந்தது.

கோனா எக்ஸ்பிரஸ்வேயின் நெரிசலில் ஊர்ந்து, வித்யாசாகர் சேதுவில் ஏறினோம். 1992இல் திறந்த பாலம். கம்பிகள் தாங்கிய அதன் நடுப்பகுதி மட்டும் 457 மீட்டர். இடப்பக்கம் தூரத்தில், பனிமூட்டத்துக்குள் 1943ஆம் ஆண்டு ஹௌரா பாலம். இறங்கி ஸ்ட்ராண்ட் ரோடு பக்கம் திரும்பியதும் வெள்ளைச் சீருடைக் காவலர் ஒருவர் கை காட்டினார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் நரைத்த தாடியைப் பார்த்தார்.

"சாகர்?" என்றார்.

இவர் தலையாட்டினார். அது ஆமாம் என்றும் இல்லை என்றும் அர்த்தமாகக் கூடிய, நம் ஊருக்கே உரிய தலையாட்டல். காவலர் விசிலை ஊதி, மைதானத்து ஓரமாக வரிசையாக நின்ற யாத்திரைப் பேருந்துகளுக்குப் பின்னால் எங்களைத் தள்ளிவிட்டார். எங்கே நிறுத்துவீர்கள் என்ற கேள்விக்கு நாங்கள் கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது.

அந்த இடம் பாபுகாட். ராணி ராஸ்மணியின் கணவர் பாபு ராஜ்சந்திர தாஸ் பெயரில் 1830இல் கட்டிய படித்துறை. கிரேக்கக் கோயில் போலத் தூண்கள் வைத்திருக்கிறார்கள். மகர சங்கராந்திக்குக் கங்காசாகர் போகிறவர்கள் கூடிப் புறப்பட ஒவ்வொரு ஜனவரியும் இங்கே முகாம் போடுகிறார்கள். இங்கிருந்து காக்துவீப் பக்கம் போய், முரிகங்கா ஆற்றைப் படகில் கடந்து, கச்சுபேரியாவில் இறங்கி, இன்னும் முப்பது கிலோமீட்டர் போனால் கபில முனி கோயிலும் கடலும். மற்ற தீர்த்தங்களுக்குப் பல முறை, கங்காசாகருக்கு ஒரே முறை என்று வடக்கே சொல்வார்கள். அந்த ஒரு முறையை ஓய்வுக் காலத்துக்கென்று எடுத்து வைத்திருந்தவர்களின் நடுவில்தான் நாங்கள் நின்றோம்.

எங்களுக்கு முன்னால் நின்றது மத்தியப் பிரதேசத்துச் சத்தர்பூர் பேருந்து. கூரை முழுக்கக் கோதுமை மாவு மூட்டை, வறட்டி, பித்தளை அண்டா, சுருட்டிய பாய்கள். ஊரிலிருந்து புறப்பட்டுப் பிரயாகை, காசி, கயா பார்த்துவிட்டு வந்தவர்கள். இங்கிருந்து பூரி போய் ஊர் திரும்புவார்களாம். ஏறக்குறைய எல்லோரும் அறுபது தாண்டிய கணவன் மனைவியர். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டுப் பேருந்தைப் பேசி, மாவை வீட்டிலிருந்து அரைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பகலில் பேருந்து ஓடுகிறது, இரவில் அதுவே வீடு. மழையில்லாத இரவில் அதன் அடியிலும் படுக்கிறார்கள். கேரவன் சுற்றுலா என்று 2021இல் கேரளமும் மகாராஷ்டிரமும் கொள்கை வெளியிட்டு ஆரம்பித்த காரியத்தை இவர்கள் எந்தக் காலத்திலிருந்தோ செய்து வருகிறார்கள்.

தை முதல் நாள் காலை. பேருந்தின் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு பாட்டி வறட்டியை அடுக்கிக் கொளுத்தினார். புகை அடங்கித் தணலானதும் எலுமிச்சை அளவுக்கு உருட்டிய மாவு உருண்டைகளை அதில் புதைத்தார். கையாலேயே புரட்டினார். வெந்ததும் ஒன்றை எடுத்து, சாம்பலைப் புடவைத் தலைப்பில் துடைத்து, இரண்டாகப் பிளந்து நெய் விட்டார். பக்கத்தில் அவருடைய வீட்டுக்காரர் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் காத்திருந்தார். நான் வேன் படியில் குக்கரை வைத்துக்கொண்டு விழித்தேன். குக்கரில் பொங்கல் பொங்காது என்பது என் கட்சி. ஆகவே சின்னப் பித்தளைப் பானையை எடுத்து, ஐந்து கிலோ சிலிண்டரையும் அடுப்பையும் வெளியே தூக்கி வைத்தேன். பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து வந்தபோது பட்டாளியைத் தட்டிப் போட்டேன். நம் மண்டை வெல்லம் போட்டால் வரும் பொன்னிறம் வரவில்லை. செம்மண் குழம்பு போலக் கறுத்துச் சிவந்தது. ஆனால் வாசனை பத்தடிக்கு அப்பால் இருந்த பேருந்துக்காரர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. லேசாகப் புகை மணக்கும் இனிப்பு. பொங்கி வழியும்போது நான் குரல் கொடுத்தேன். இவர் தட்டைத் தட்டினார். சத்தர்பூர்ப் பாட்டி ஏதோ பூஜை என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

எள்ளுருண்டையும் தணலில் சுட்ட மாவு உருண்டையும் இந்தப் பக்கம் வந்தன, வாழையிலைத் துண்டில் பொங்கல் அந்தப் பக்கம் போயிற்று. எனக்கு இந்தி வராது, அந்த அம்மாவுக்கு இந்தி தவிர வேறு வராது. எத்தனை பிள்ளைகள், எத்தனை பேரன் பேத்திகள் என்பதை விரல்களாலேயே பேசி முடித்தோம். எங்கள் வண்டிக்குள் ஏறிப் பார்த்தவர், கழிப்பறைக் கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்து மூடினார். அடுப்புக்கு நாலடி தூரத்தில் அதா என்பது அவர் கேள்வி. என் அம்மா இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள்.

சாலை வழியே வண்டியில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்களில் வெளிநாட்டுக்காரர்களும் உண்டு. 1957 ஏப்ரல் 15ஆம் தேதி லண்டன் விக்டோரியா பேருந்து நிலையத்திலிருந்து இருபது பயணிகளோடு 'இந்தியாமேன்' என்ற பேருந்து புறப்பட்டது. ஓட்டியவர் கேரோ ஃபிஷர். யூகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக வந்து ஜூன் 5ஆம் தேதி கல்கத்தாவை அடைந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுண்டு. பத்தாண்டு கழித்து 'ஆல்பர்ட்' என்ற இரட்டை மாடிப் பேருந்து வந்தது. உள்ளேயே சமையலறை, சாப்பிடவும் படிக்கவும் இடம், படுக்கைகள். லண்டன், கல்கத்தா, சிட்னி என்று அது 1970களின் நடுப்பகுதிவரை ஓடியது. அந்தத் தரைவழி இன்று எந்தக் கேரவனுக்கும் சுலபத்தில் திறக்காது.

வங்காளிகள் இதற்கெல்லாம் அசரமாட்டார்கள். பயணம் அவர்களுக்குப் பிறவிக் கடன். 1926 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து சைக்கிளில் கிளம்பிய பிமல் முகர்ஜி 1937இல்தான் உலகைச் சுற்றி முடித்துத் திரும்பினார். 1933இல் தொடங்கிய குண்டு ஸ்பெஷல் நிறுவனம், சமையல்காரரையும் பாத்திரத்தையும் கூடவே ரயிலேற்றிக்கொண்டு போய், எந்த ஊரிலும் வங்காளிக்கு மீன் குழம்பும் சோறும் போட்டது. 2014இல் நாக்தலா பகுதி ரிக்‌ஷாக்காரர் சத்யேன் தாஸ், தன் சைக்கிள் ரிக்‌ஷாவை மிதித்துக்கொண்டே லடாக் வரை போய்விட்டார். அதைப் பற்றிய ஆவணப்படம் தேசிய விருது வாங்கியது. எங்கள் வண்டியில் வேலை செய்யும் எதுவும் அவருடைய ரிக்‌ஷாவில் கிடையாது.

வண்டியில் வாழ்பவருக்கு முதல் கவலை தண்ணீர், இரண்டாவது கழிவு. பனிமூட்டத்தில் சோலார் படுத்துவிட்டது. அதைக்கூட எஞ்சினை ஓட்டிச் சமாளிக்கலாம். நூறு லிட்டர் தண்ணீர் இரண்டு பேருக்கு எத்தனை சிக்கனமாகச் செலவழித்தாலும் தீர்ந்துதான் போகிறது. கொல்கத்தாவுக்குத் தெருக்குழாயில் தண்ணீர் ஊற்றிப் பழக்கம் உண்டு. வடக்கே பல்தாவில் ஹூக்ளித் தண்ணீரைச் சுத்திகரித்து, டாலா தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். 1911இல் திறந்த அந்த இரும்புத் தொட்டி தரையிலிருந்து 110 அடி உயரத்தில் 90 லட்சம் காலன் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. உலகின் மிகப்பெரிய உயர்நிலைத் தொட்டி என்று அதைச் சொல்கிறார்கள். அதன் துளியைத் தெருமுனையில் கேனில் பிடிக்க நான் வரிசையில் நின்றேன்.

வரிசையில் எனக்கு முன்னால் நடைபாதையில் குடியிருக்கும் பெண். இடுப்பில் குழந்தை, கையில் எண்ணெய் டின். என் நரையைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டாள். வீடு எங்கே என்று சைகையில் கேட்டாள். வேனைக் காட்டினேன். அவள் மதிற்சுவரில் சாய்த்துக் கட்டிய நீலத் தார்ப்பாயைக் காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஈடாகச் சிரிக்க என்னால் முடியவில்லை. எனக்குத் திருச்சியில் சொந்த வீடு இருக்கிறது, மாதம் முடிந்தால் வங்கியில் பென்ஷன் விழுகிறது. அமெரிக்காவிலும் வேனில் வாழும் முதியவர்கள் எல்லோரும் ஆசைப்பட்டுப் போனவர்கள் அல்லர். 2008 நெருக்கடியில் வீடும் சேமிப்பும் போய், கிடங்கு வேலை கிடைக்கும் ஊர்களைத் தேடி ஓடியவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் எழுதிய புத்தகம்தான் 'நோமட்லேண்ட்' என்ற படமாகி 2021இல் ஆஸ்கர் வாங்கியது. தெருவில் வாழ்வதில் தப்பொன்றுமில்லை. ஆனால் தேர்ந்தெடுத்து வாழ்கிறவர்கள், தேர்ந்தெடுக்க வழியில்லாதவர்களின் வரிசையில் முண்டியடிக்கக் கூடாது. நான் அவளுக்குப் பின்னாலேயே நின்று பிடித்தேன்.

கழிவுப் பெட்டியைக் கட்டணக் கழிப்பறையில் கொட்டினோம். முதலில் மறுத்த காவல்காரர், எங்கள் வீட்டுக்காரர் பெட்டியின் மூடியையும் அமைப்பையும் பொறுமையாக விளக்கிய பிறகு ஆர்வம் வந்து, பத்து ரூபாய்க்கு அனுமதித்தார். மறுநாள் போனபோது அவர் தன் கூட்டாளியை அழைத்து வந்து வேடிக்கை காட்டினார்.

மாலைகளில் வண்டியைப் பூட்டிவிட்டு ஊருக்குள் போவோம். வடக்கு கொல்கத்தாவின் பழைய வீடுகளில் தெருவைப் பார்த்து ரோயாக் என்று ஒரு கல்மேடை இருக்கும். நம் திண்ணையேதான், ஆனால் காரைக்குடித் திண்ணையின் அகலம் கிடையாது, மேலே கூரையும் இராது. ஐந்து மணிக்கெல்லாம் பாக்பஜாரில் அந்த மேடைகளில் ஓய்வுபெற்றவர்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். குரங்குக் குல்லா, சால்வை, மண் குவளையில் டீ. ஒரு மேடையில் எங்களுக்கும் இடம் விட்டார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்தவர், வங்கிக்காரர், என்னைப் போல ஆசிரியர். ஆங்கிலம், அரைகுறை இந்தி. பேச்சு ரவீந்திரநாதரில் தொடங்கும் என்று நான் எதிர்பார்த்தேன். டி.ஏ. பாக்கியில் தொடங்கியது. மாநில அரசு எத்தனை சதவீதம் பின்தங்கியிருக்கிறது, நீதிமன்றத்தில் வழக்கு எங்கே நிற்கிறது என்று அவர்கள் சொல்ல, எங்கள் ஊர் நிலவரத்தை இவர் சொல்ல, ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. எங்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லாத ஊர்.

வண்டிகளையும் இந்த ஊர் அப்படித்தான் வைத்திருந்தது. 1873இல் குதிரை இழுத்த டிராம் 1902இல் மின்சாரத்துக்கு மாறி, 2023இல் 150 வயதைக் கடந்தது. மறு ஆண்டே ஒரேயொரு பாரம்பரியத் தடத்தைத் தவிர மற்றதை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது. வாடகை வண்டிக்குப் பதினைந்து ஆண்டுதான் ஆயுள் என்ற விதியால் மஞ்சள் டாக்ஸிகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெறுகின்றன. அவற்றில் ஒன்றில் எங்களை ஏற்றிச் சென்ற ஓட்டுநர், தன் வண்டிக்குத் தன்னைவிட முன்னதாக ரிட்டயர்மென்ட் வருகிறது என்று சொல்லிக்கொண்டே கியரை இழுத்துப் போட்டார்.

தெற்கே போக மெட்ரோ. காளிகாட் நிலையத்தில் இறங்கி ராஷ்பிஹாரி அவென்யூவில் நடந்தால் லேக் மார்க்கெட். மல்லிகைச் சரம், வாழையிலைக் கட்டு, ஃபில்டர் காபிப் பொடி, கோமள விலாஸ். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1907இல் உதவித் தலைமைக் கணக்காயராகக் கல்கத்தா வந்தார். அவருக்கு முன்னும் பின்னும் அலுவலக வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய பேட்டை இது. அப்பளக் கடையில் பேச்சுக் கொடுத்த ஒரு மாமி எங்களைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். வயது எண்பதுக்கு மேல். கணவர் ஏ.ஜி. ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றுக் காலமானவர். பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும். கொல்கத்தா போலீஸ் 2009இல் முதியவர்களுக்காகத் தொடங்கிய 'பிரணாம்' திட்டத்தில் உறுப்பினர். ஸ்டேஷனிலிருந்து வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்களாம். இரண்டு மாடி வீடு. இடித்து அடுக்ககம் கட்டப் புரோமோட்டர்கள் நடையாய் நடக்கிறார்கள்.

"எங்க நிறுத்திண்டிருக்கேள்?" என்றார் மாமி.

"பாபுகாட்ல."

"நன்னாருக்கு. நானும் கேரவன்லதான் இருந்தேன், சக்கரம் மட்டும் கிடையாது. பெரியவன் ஆத்துல ஆறு மாசம், பொண்ணு ஆத்துல மூணு மாசம்னு போயிண்டு வந்துண்டு. எங்க போனாலும் அவா சௌகரியம்தான், அவா நேரம்தான். உங்களுக்கானா ஸ்டீயரிங் உங்க கையிலன்னா இருக்கு? இருக்கறவரைக்கும் ஓட்டுங்கோ. கண்ணு மங்கறச்சே எங்கயாவது நிறுத்தணும், அந்த இடத்தை மட்டும் இப்பவே பார்த்து வச்சுக்கோங்கோ."

சம்பந்தி கேட்டது இரவு நிறுத்தும் இடத்தை. மாமி கேட்டது அதைவிடப் பெரிய நிறுத்தத்தை. அதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. திருச்சி வீடு மாடி வீடு, படிகள் செங்குத்து. இவருக்கு முழங்கால் வலி இப்போதே எட்டிப் பார்க்கிறது.

ஆற்றின் அக்கரையில் சிப்பூர் தாவரவியல் பூங்கா. 1787இல் ராபர்ட் கிட் தொடங்கியது. அங்கே இருக்கும் பெரிய ஆலமரத்துக்கு 250 வயதுக்கு மேல். 1864, 1867 புயல்களில் அடிபட்டு, காளான் நோய் தாக்கியதால் 1925இல் அதன் அடிமரத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். மரம் சாகவில்லை. விழுதுகளை ஊன்றி ஊன்றி நகர்ந்தது. அதைச் சுற்றி 330 மீட்டர் சாலை போட்டார்கள், அதையும் தாண்டிப் படர்ந்துவிட்டது. 2020இன் அம்பான் புயலிலும் கொஞ்சம் இழந்து மீண்டிருக்கிறது. இதைப் பார்த்து வரும் எவருக்கும் தத்துவம் ஒன்று தோன்றும். எங்கள் வீட்டுக்காரர் விழுதுகளுக்கிடையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மின்வாரிய மொழியில் சொன்னார்: "ஒரே இடத்துல எர்த் பண்ணலை பாரு. போற இடமெல்லாம் எர்த் பண்ணிக்கிட்டே போயிருக்கு. லைன் அறுந்தாலும் ஷாக் அடிக்காது."

போகிற இடமெல்லாம் எர்த் பண்ணிக்கொள்ளும் வழி நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. தஞ்சைச் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் கட்டியது வழிப்போக்கர்களுக்காகத்தான். காசிக்குப் போகும் தமிழர் தவிக்கக் கூடாதென்று நகரத்தார் 1863இல் அங்கே சத்திரம் வைத்தார்கள். வண்டி மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி, ஆளுக்குச் சோறு, படுக்கத் திண்ணை. வண்டி எப்படி இருக்கிறதென்று அவர்கள் கவலைப்படவில்லை, நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நாம் இன்று தலைகீழாகச் செய்கிறோம். குளிர்சாதனமும் டிஷ் ஆண்டெனாவும் வைத்த வண்டிகளைக் காட்டிச் சுற்றுலா விளம்பரம் போடுகிறோம். அவற்றை நிறுத்த ஒரு திடலும் குழாயும் கழிவுக் குழியும் எங்கே என்று கேட்டால் சுற்றுலாத் துறை மாநகராட்சியைக் காட்டுகிறது, மாநகராட்சி போக்குவரத்துப் போலீஸைக் காட்டுகிறது. கேரளம், மகாராஷ்டிரம் இரண்டின் கொள்கையிலும் கேரவன் பூங்காக்களுக்கு இடம் ஒதுக்கியிருப்பதை விதிவிலக்காகச் சொல்லலாம்.

பாபுகாட் முகாமைக் கவனித்தபோது இது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்று புரிந்தது. வரிசையாகக் குழாய், வரிசையாகக் கழிப்பறை, மருத்துவக் கூடாரம், தொண்டு நிறுவனங்களின் இலவசச் சாப்பாடு, வழி சொல்ல ஒரு காவலர். சாகர் போகிற பெருங்கூட்டத்துக்கு இதையெல்லாம் சில நாட்களில் கட்டி எழுப்புகிறார்கள். சங்கராந்தி முடிந்ததும் பிரித்துவிடுகிறார்கள். எங்கள் கண் முன்னாலேயே மூங்கில்களை அவிழ்த்து லாரியில் ஏற்றினார்கள். சத்தர்பூர்ப் பேருந்து பூரிக்குக் கிளம்பிவிட்டது. அதே வெள்ளைச் சீருடைக் காவலர் வந்து, இனி இங்கே நிற்கக் கூடாது என்றார்.

ஆண்டுக்கு ஒரு முறை லட்சக்கணக்கானவர்களுக்குச் செய்ய முடிகிற காரியத்தை, ஆண்டு முழுக்க ஐம்பது வண்டிகளுக்குச் செய்ய முடியாதா? ஊருக்கு ஓர் ஏக்கர் போதும். திருச்சியில் பஞ்சப்பூர்ப் பக்கம், மதுரையில் மாட்டுத்தாவணிப் பக்கம், கொல்கத்தாவுக்கு ஹௌராவின் சாந்த்ராகாச்சிப் பக்கம். கேரவன்காரர்களுக்கு மட்டுமென்று வேலி போட வேண்டாம். நாமக்கல் டிரைவரும் படுக்கட்டும், சத்தர்பூர்ப் பாட்டியும் வறட்டி மூட்டட்டும். வாடகை கேட்டால் கொடுக்கிறோம். டி.ஏ. பாக்கி வந்தால் கொஞ்சம் கூடவே கொடுக்கிறோம்.